நிறைந்த மண்டபத்தில் வைஃபை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் ஐந்து ஒரே விடயத்தைத் தொட்டு நிற்கின்றன. ஆளில்லாத மண்டபத்தில் நன்றாக இயங்கும் வைஃபை, ஆட்கள் நிறைந்ததும் ஏன் நின்றுவிடுகிறது என்பதே அது. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: எமது பாடசாலைப் பிரதான மண்டபத்தில் தரம் 10, 11 மாணவர்கள் 320 பேருக்கு ஒரே நேரத்தில் இணையவழிப் பயிற்சிப் பரீட்சை ஒன்றை நடத்த முயன்றோம். நான்கு அன்ரனாக்கள் கொண்ட புதிய ரவுட்டர் ஒன்றை வாங்கி மேடையில் வைத்தோம். கடைசி வாங்கிலும் சிக்னல் முழுதாகக் காட்டியது. ஆனால் ஏறத்தாழ 100 பிள்ளைகள் இணைந்த பின்னர், மற்றவர்களின் திரைகளில் ‘ஐபி முகவரி பெறப்படுகிறது’ என்ற வரியே அசையாமல் நின்றது. இணைந்துவிட்ட பிள்ளைகளுக்கும் வினாத்தாள் திறக்கவில்லை. பழைய மாணவர் சங்கம் பணம் தரத் தயாராக இருக்கிறது. இதைவிடச் சக்தி கூடிய ரவுட்டர் வாங்கினால் சரிவருமா, ஐயா? (ஆசிரியை, கிளிநொச்சி)

பதில்: பழைய மாணவர் சங்கம் தரும் பணத்தை இன்னொரு பெரிய ரவுட்டரில் போட்டுவிட வேண்டாம் என்றே முதலில் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மண்டபத்தில் சிக்னலுக்குக் குறைவிருக்கவில்லை. கடைசி வாங்குவரை அது போய்ச் சேர்ந்ததை நீங்களே கண்டிருக்கிறீர்கள். அங்கே பற்றாமற் போனவை முகவரிகளும் நேரமுமே.

முகவரிக் குறையைத் தீர்ப்பது இலகு. வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் எண் முகவரியை வழங்க வேண்டும். வீட்டுப் பாவனைக்கென வரும் ரவுட்டர்கள் பலவற்றில், தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 100 முகவரிகள் மட்டுமே வழங்குவதற்கு ஒதுக்கப்பட்டிருக்கும். 100 பிள்ளைகளுடன் அந்த வரி நின்றுபோனது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்களுடையதும் அவ்வகையானதே என எண்ணுகிறேன். அந்த ஒதுக்கீட்டை விரித்தாலும், ‘சப்நெற் மாஸ்க்’ எனப்படும், வலையமைப்பின் அளவைத் தீர்மானிக்கும் எண் வழமையான 255.255.255.0 ஆக இருந்தால் 254 முகவரிகளுக்கு மேல் கிடையாது. அதில் ஒன்று ரவுட்டருக்கே போய்விடும். அதை 255.255.252.0 என மாற்றினால் 1022 முகவரிகள் கிடைக்கும். ஒருமுறை வழங்கிய முகவரியை 24 மணித்தியாலம் பிடித்து வைத்திருக்கும் அமைப்பையும் 2 மணித்தியாலமாகக் குறைத்துவிடுங்கள். இல்லையெனில் காலைப் பிரிவுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பின்னரும் அவர்களுடைய முகவரிகள் மண்டபத்திலேயே முடங்கிக் கிடக்கும்.

நேரத்தின் கதை சற்று நீளமானது. பொதுவாக ஒரு வைஃபை சனலில், அதாவது கருவிகள் பேசும் ஓர் அலைவரிசைத் தடத்தில், ஒரு கணத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை யாவும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்து, அமைதி வந்ததும் தத்தமக்கு வாய்த்த சிறு இடைவெளி கழித்துப் பேசத் தொடங்கும். இரண்டு கருவிகள் ஒரே கணத்தில் வாய் திறந்தால் இரண்டும் கெட்டு, இரண்டும் திரும்பச் சொல்ல வேண்டும். 1971 இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சனும் அவருடைய குழுவினரும் தீவுகளுக்கிடையே கணினிகளை வானொலி அலையால் இணைத்து அலோஹாநெற்றை இயக்கினார்கள். கேட்டுப் பார்க்காமல் எவரும் எப்போதும் பேசலாம் என்ற அந்த முறையில், சனலின் நேரத்தில் அதிகபட்சமாக நூற்றுக்கு 18 பங்கே பயன்பட முடியும் என்பது கணக்கில் வந்தது. இன்றைய வைஃபை முதலில் கேட்டுவிட்டுப் பேசுவதால் அதைவிட நன்றாகவே செய்கிறது. ஆயினும் 320 கருவிகளை ஒரே சனலில் இருத்திவிட்டால் மோதலிலும் காத்திருப்பிலுமே பெரும்பகுதி நேரம் கழிந்துபோகும்.

இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகம் செய்பவர்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை. குளத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் வாய்க்கால் ஒன்றுதான். முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். வாய்க்காலின் கடைசியிலுள்ள வயலுக்கு அதே அளவு தண்ணீர் போய்ச்சேர மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும், அந்த நேரம் முழுவதும் ஏனையோரின் மடைகள் மூடிக்கிடக்கும். வைஃபையிலும் மெதுவாகப் பேசும் கருவிதான் எல்லோருடைய நேரத்தையும் தின்கிறது. 1500 பைற் கொண்ட ஒரு தரவுப் பொதி நொடிக்கு 54 மெகாபிற் வேகத்தில் ஏறத்தாழ 0.22 மில்லிசெக்கனில் போய்விடும். நொடிக்கு 1 மெகாபிற் வேகத்தில் அதே பொதி 12 மில்லிசெக்கன் எடுக்கும். மேடையில் வைத்த ஒரே ரவுட்டருக்குக் கடைசி வாங்குப் பிள்ளைகள் யாவரும் வாய்க்காலின் கடைசி வயல்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

ரவுட்டரின் சக்தியைக் கூட்டுவதும் உதவாது. ரவுட்டரின் குரல் பிள்ளையின் கைத்தொலைபேசிக்குக் கேட்டால் போதாது, கைத்தொலைபேசியின் மெல்லிய குரலும் ரவுட்டருக்குத் திரும்பக் கேட்க வேண்டும். ஒலிபெருக்கியில் பேசுபவரை மண்டபம் முழுவதும் கேட்கிறது. கடைசி வாங்குப் பிள்ளை எழுந்து சொல்லும் பதில் மேடைக்குக் கேட்பதில்லை. திரையில் சிக்னல் முழுதாகத் தெரிந்ததும் பக்கம் திறக்காமற் போனதும் ஒருங்கே நிகழ இதுவும் ஒரு காரணம்.

அத்துடன் பிள்ளைகளின் உடல்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். மனித உடலின் பெரும்பகுதி நீர். வைஃபை அலைகளை நீர் உறிஞ்சிக்கொள்ளும். கைத்தொலைபேசியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ரவுட்டருக்கு ஒருமுறை முகத்தையும் ஒருமுறை முதுகையும் காட்டி நின்று, சிக்னல் அளவைக் காட்டும் செயலியைப் பாருங்கள். திரும்பிய மாத்திரத்தில் எண் இறங்குவது தெரியும். ஓர் உடலுக்கே அவ்வளவு என்றால், மேடைக்கும் கடைசி வாங்குக்கும் இடையில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு வரிசைப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். நீங்கள் வெறும் மண்டபத்தில் பார்த்த சிக்னல், பிள்ளைகள் வந்து அமர்ந்த மண்டபத்தின் சிக்னல் ஆகாது.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு பெரிய குரலுக்குப் பதிலாகப் பல சிறிய குரல்களை மண்டபம் முழுவதும் பரப்புங்கள். கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்பும் சிறு கருவியை அக்சஸ் பொயின்ற் என்பார்கள். நான் திட்டமிடும்போது ஓர் அக்சஸ் பொயின்றுக்கு 50 கருவிகள் என்றே வைத்துக்கொள்வேன். அந்தக் கணக்கில் 320 பேருக்கு ஏழு வேண்டும். ஏழும் 5 கிகாஹேர்ட்ஸ் பட்டையில், 20 மெகாஹேர்ட்ஸ் அகலத்தில், ஒன்றுக்கொன்று வேறான சனலில் இயங்க வேண்டும். 36, 40, 44, 48, 149, 153, 157, 161 என எட்டுச் சனல்கள் இருக்கின்றன. கருவியில் நாட்டை இலங்கை என அமைத்து, அது காட்டும் சனல்களிலிருந்து தெரிவு செய்யுங்கள். இடையிலுள்ள 52 முதல் 144 வரையான சனல்கள் ராடருடன் பகிரப்படுபவை. ராடர் அலை வந்ததாகக் கருவி எண்ணினால் உடனே அந்தச் சனலை விட்டு விலகும், அதில் இருந்த பிள்ளைகள் யாவரும் நடுப் பரீட்சையில் அறுந்துபோவார்கள். பரீட்சை மண்டபத்துக்கு அந்த ஆபத்து வேண்டாம். பழைய கைத்தொலைபேசிகளுக்காக 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையையும் வைத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் 1, 6, 11 என மூன்று மட்டுமே. எனவே ஏழில் மூன்றில் மட்டும் அதை இயக்கி, மற்றைய நான்கிலும் அணைத்துவிடுங்கள்.

அக்சஸ் பொயின்றுகளை இரு பக்கச் சுவர்களிலும் மாறி மாறி, நிற்கும் பிள்ளையின் தலைக்கு மேலாக, ஏறத்தாழ 3 மீற்றர் உயரத்தில் பூட்டுங்கள். கூரைத் தகரத்தோடு ஒட்டியோ இரும்பு வளைகளின் மேலோ வைக்க வேண்டாம். உலோகம் அலையைத் தெறிக்கச் செய்து போகக்கூடாத இடங்களுக்கெல்லாம் அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் வலையமைப்புச் சுவிச்சிலிருந்து (கேபிள்கள் யாவும் வந்து சேரும் பெட்டி) தனிக் கேபிள் செல்ல வேண்டும். கேபிளின் நீளம் 100 மீற்றருக்குள் இருக்க வேண்டும். மின்சாரத்தையும் அதே கேபிளில் அனுப்பும் வகைச் சுவிச் வாங்கினால், சுவரில் ஏழு இடங்களில் பிளக் வைக்கத் தேவையில்லை, ஒரு யூபிஎஸ் எல்லாவற்றையும் தாங்கும். கணினி அறையிலிருந்து மண்டபத்துக்கு வெளியால் இழுக்கும் இணைப்பு மட்டும் செப்புக் கம்பியாக இராமல் ஃபைபராக இருக்கட்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் நம் பக்கம் விழும் இடியை நீங்கள் அறிவீர்கள். செப்புக் கம்பி அதை இரு கட்டடங்களுக்கும் கொண்டுபோய்விடும்.

இவ்வளவும் செய்த பின்னரும், வினாத்தாள் வெளியில் எங்கோ ஒரு சேவையகத்தில் இருந்தால் உங்கள் பரீட்சை திரும்பவும் நிற்கும். கணக்கைப் பாருங்கள். படங்களோடு ஒரு வினாத்தாள் 2 மெகாபைற் என்றால் 320 பிள்ளைகளுக்கு 640 மெகாபைற், அதாவது 5120 மெகாபிற். கைத்தொலைபேசிக் கோபுரத்திலிருந்து வரும் இணைப்பு நொடிக்கு 20 மெகாபிற் தந்தாலும், எல்லோருக்கும் வினாத்தாள் போய்ச்சேர நான்கு நிமிடத்துக்கு மேல் எடுக்கும். அதற்குள் பொறுமை இழந்த பிள்ளைகள் திரும்பத் திரும்ப அழுத்தி அதை இன்னும் நீட்டுவார்கள். வினாத்தாளை மண்டபத்திலேயே ஒரு கணினியில் வைத்துவிடுங்கள். இணையவழிப் பரீட்சைகளை நடத்த உதவும் மூடில் என்ற இலவச மென்பொருளைச் சாதாரண கணினி ஒன்றில் நிறுவி, அதைச் சுவிச்சில் கேபிளால் இணைத்தால் பரீட்சைக்கு இணையமே தேவையில்லை. ஓர் அக்சஸ் பொயின்ற் நொடிக்கு 40 மெகாபிற் என்று தாழ்வாகவே மதிப்பிட்டாலும், ஏழும் சேர்ந்து 280. கணினி ஈடுகொடுத்தால் அதே வினாத்தாள் 20 செக்கனுக்குள் அனைவர் கையிலும் இருக்கும். படங்களைச் சுருக்கி 200 கிலோபைற்றுக்குக் கொண்டுவந்தால் அது 2 செக்கன். பணத்தில் ஒரு பகுதியை நல்ல கணினி ஒன்றுக்கு ஒதுக்குவது அதனால்தான் முக்கியம் என்கிறேன்.

ஒத்திகை ஒன்று நடத்தாமல் பரீட்சைக்குப் போக வேண்டாம். காலைக் கூட்டத்துக்குப் பிள்ளைகள் மண்டபத்தில் கூடும் ஒரு நாளில், இரண்டே கேள்விகள் கொண்ட பயிற்சியை எல்லோரையும் ஒன்றாகத் திறக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊரின் அறிவியல் நகரிலேயே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கு படிக்கும் மாணவர்கள் சிலரை அழைத்து, ஆட்கள் நிறைந்த மண்டபத்தில் அளவெடுக்கச் சொன்னால் அவர்களுக்கும் அது நல்ல பயிற்சியாகும். அன்றைக்கு ஆசிரியர்களின் கைத்தொலைபேசிகளில் ஹொட்ஸ்பொட் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பத்து ஹொட்ஸ்பொட் என்பது அழைக்காமல் வந்த பத்து ரவுட்டர்.

கேள்வி: நான் வலையமைப்புப் பொருத்தும் வேலை செய்கிறேன், ஐயா. கருத்தரங்கு மண்டபம் ஒன்றில் நான்கு அக்சஸ் பொயின்றுகள் பூட்டினேன். விருந்தினர், ஊழியர், மாணவர், ஊடகம், ஏற்பாட்டாளர் என ஐந்து பெயர்களில் வைஃபை கொடுத்திருக்கிறேன். 5 கிகாஹேர்ட்ஸில் சனல் அகலம் 80, 2.4 இல் நான்கும் சனல் 6 இல் நிற்கின்றன, சக்தி முழுவதும் திறந்திருக்கிறது. 150 பேர் வந்ததும் படுத்துவிடுகிறது. எங்கே பிழை? (இளைஞர், வவுனியா)

பதில்: தம்பி, ஐந்து பெயர்களிலிருந்து தொடங்குவோம். ஒவ்வொரு பெயரும் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்ற அறிவிப்பை 102.4 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு ஏறத்தாழ பத்துத் தடவை, அனுப்பிக்கொண்டே இருக்கும். அதுவும் அனுமதிக்கப்பட்ட அடிப்படை வேகங்களில் மிகக் குறைந்த வேகத்திலேயே போகும். பழைய கருவிகளுக்கும் கேட்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. 300 பைற் அளவுள்ள ஓர் அறிவிப்பு நொடிக்கு 1 மெகாபிற் வேகத்தில் ஏறத்தாழ 2.6 மில்லிசெக்கன் எடுக்கும். ஒரு பெயருக்குச் சனலின் நேரத்தில் நூற்றுக்கு 2.5 பங்கு போகிறது. உங்களிடம் நான்கு கருவி, ஐந்து பெயர், ஒரே சனல். இருபது அறிவிப்புகள் சேர்ந்து, ஒருவர்கூட மண்டபத்துக்குள் வர முன்னரே 2.4 பட்டையின் பாதி நேரத்தைக் குடித்துவிட்டன.

பெயர்களை இரண்டாகக் குறையுங்கள். 1, 2, 5.5, 11 ஆகிய பழைய வேகங்களை அணைத்து, குறைந்த வேகத்தை 12 என அமையுங்கள். அறிவிப்பு ஒன்றுக்கு எடுக்கும் நேரம் பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும். 80 அகலம் என்பது நான்கு சனல்களை ஒன்றாகக் கட்டி ஒருவருக்கே கொடுப்பது. வீட்டில் படம் பார்ப்பதற்கு அது நல்லது. ராடர் இல்லாத எட்டுச் சனல்களில் அந்த அகலத்துக்கு இரண்டு இடமே இருப்பதால், உங்களுடைய நான்கு கருவிகளும் இருவர் இருவராக முட்டிக்கொள்ளும். 20 ஆகக் குறைத்தால் நான்குக்கும் தனித்தனி இடம் கிடைக்கும், அகலம் குறையக் குறைய இரைச்சலும் குறையும்.

சக்தியைப் பற்றி நம் தொழிலில் உள்ளவர்களுக்கே தயக்கம் இருப்பதைக் காண்கிறேன். விலை கொடுத்து வாங்கியதை ஏன் தாழ்த்த வேண்டும் என்கிறார்கள். 3 டெசிபெல் குறைத்தால் சக்தி பாதியாகிறது. 20 டிபிஎம் என்பது 100 மில்லிவாற்று, 14 டிபிஎம் என்பது 25 மில்லிவாற்று. நான் 5 பட்டையை 14 இலும் 2.4 பட்டையை அதிலிருந்து 6 குறைத்து 8 இலும் தொடங்கி, மண்டபத்தில் நடந்து பார்த்துத் தேவையான இடத்தில் மட்டும் கூட்டுவேன். 2.4 இன் குரல் உரத்திருந்தால் கைத்தொலைபேசிகள் அதிலேயே போய் ஒட்டிக்கொள்ளும், 5 பட்டை வெறுமையாகக் கிடக்கும்.

கேள்வி: எங்கள் திருமண மண்டபம் தகரக் கூரை போட்டது. புலம்பெயர்ந்த உறவினர்களுக்காகச் சடங்கை நேரலையாக ஒளிபரப்புவோர் பெரும்பாலும் எங்கள் வைஃபையைத்தான் பயன்படுத்துகிறார்கள். காலை முழுவதும் நன்றாகப் போகும் ஒளிபரப்பு, தாலி கட்டும் நேரம் பார்த்து அறுந்துவிடுகிறது. ஒருமுறை மணமகளின் அம்மம்மா ரொறன்ரோவில் விடிய விடியக் காத்திருந்தும் அந்தக் காட்சியைப் பார்க்கவில்லை. எங்களுக்கு மிகவும் கவலையாகிவிட்டது. (மண்டப முகாமையாளர், முள்ளியவளை)

பதில்: அந்த அம்மம்மாவுக்காகவேனும் இதைச் சரிசெய்துவிட வேண்டும். கெட்டிமேளம் கேட்டதும் மண்டபத்தில் இருக்கும் அனைவரும் கைத்தொலைபேசியை உயர்த்திப் படம் எடுக்கிறார்கள். எடுத்த கையோடு அனுப்பவும் செய்கிறார்கள். ஒளிபரப்பும் அவர்களுடைய படங்களும் ஒரே சனலில், ஒரே கோபுர இணைப்பில் மேல்நோக்கிப் போகப் போட்டியிடுகின்றன. காலை முழுவதும் இல்லாத நெருக்கடி சரியாக அந்த இரண்டு நிமிடத்தில் வருவது அதனால்தான்.

ஒளிபரப்பை வைஃபையிலிருந்து முற்றாக வெளியே எடுங்கள். ஒளிபரப்பும் மடிக்கணினியிலிருந்து ரவுட்டருக்குக் கேபிள் போகட்டும். மணவறைக்கு அருகில் சுவரில் ஒரு கேபிள் முனையை நிரந்தரமாகவே வைத்துவிடலாம். அந்த ரவுட்டரை வேறு எவருக்கும் கொடுக்க வேண்டாம், அதன் வைஃபையை அணைத்தே விடுங்கள். விருந்தினருக்கு வேறு இணைப்பு இருக்கட்டும். தகரம் கோபுரத்தின் அலையை உள்ளே விடாது என்பதால், சிம் போடும் ரவுட்டருக்கு வெளி அன்ரனா ஒன்றைக் கூரைக்கு மேலே, கோபுரத்தை நோக்கிப் பூட்டுங்கள். கோபுரத்தின் அந்தப் பக்கத்தையே விருந்தினரின் கைத்தொலைபேசிகளும் பகிர்ந்துகொள்கின்றன. ஆதலால் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம்களை எடுத்து, ஒன்று தளர்ந்தால் மற்றையதற்கு மாறும் வகை ரவுட்டரை வாங்குங்கள். படத்தின் தரத்தை 1080 இலிருந்து 720 ஆகக் குறைத்தால் நொடிக்கு 3 மெகாபிற்றுடன் ஒளிபரப்பு ஓடிவிடும். படம் சற்று மங்கினாலும் பரவாயில்லை, அறுந்துபோகக் கூடாது.

கேள்வி: மண்டபத்தின் கடைசியில் சிக்னல் குறைவாக இருப்பதால் ரிப்பீட்டர் இரண்டு வாங்கிப் பூட்டலாமா? (வாசகர், மாங்குளம்)

பதில்: வேண்டாம். சாதாரண ரிப்பீட்டர் தான் கேட்டதை அதே சனலில் திரும்பச் சொல்கிறது. ஒவ்வொரு பொதியும் இருமுறை காற்றில் போவதால் இருக்கும் நேரம் பாதியாகிறது. இரண்டு பூட்டினால் இன்னும் குறையும். நாலைந்து பேர் இருக்கும் வீட்டுக்கு அது உதவும், கூட்டத்துக்கு உதவாது. அதே பணத்தில் கேபிள் இழுத்து இன்னோர் அக்சஸ் பொயின்ற் பூட்டுங்கள்.

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்தில் கமக்காரர் கூட்டம், இளைஞர் பயிற்சி என 100 பேர்வரை கூடுவார்கள். புதிதாக வாங்கப் பணமில்லை. உறவினர்கள் தந்த பழைய வீட்டு ரவுட்டர்கள் ஐந்து இருக்கின்றன; எல்லாம் 2.4 மட்டும் உள்ளவை. ஏதாவது செய்ய முடியுமா? (நிலையச் செயலாளர், மல்லாவி)

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஐந்தில் மூன்றை மட்டும் எடுங்கள். மூன்று சனல்தான் இருக்கிறது என்பதால் நான்காவதும் ஐந்தாவதும் கெடுதலே செய்யும். அவற்றைப் பழுதுக்கு மாற்றாக வைத்திருங்கள். ஒன்றை இணையத்தோடு இணைத்து முகவரி வழங்கும் வேலையை அதனிடம் மட்டும் விடுங்கள். மற்றைய இரண்டிலும் டிஎச்சிபி என்ற பகுதிக்குள் போய் முகவரி வழங்குவதை நிறுத்தி, முதலாவது ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை அவற்றின் ‘WAN’ (வான்) என்று எழுதிய, இணையத்துக்கான துளையில் செருகாமல் ‘LAN’ (லான்) என்று எழுதிய துளைகளில் ஒன்றில் செருகுங்கள். பெரும்பாலானோர் பிழைவிடுவது இந்த இடத்தில்தான். மூன்றினதும் சொந்த முகவரிகள் 192.168.1.1, 192.168.1.2, 192.168.1.3 என வேறுபட வேண்டும். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் மூன்றிலும் ஒன்றாகவே இருக்கட்டும். சனல் 1, 6, 11, அகலம் 20, சக்தியைத் தெரிவு செய்யும் இடம் இருந்தால் நடுத்தரம்.

100 பேரும் ஒரே நேரத்தில் காணொளி பார்க்க இது போதாது. பயிற்சிக்கான காணொளியை முதல்நாளே பதிவிறக்கிப் புரொஜெக்டரில் காட்டிவிட்டு, படிவங்களை நிரப்பவும் விலை விபரம் பார்க்கவும் வைஃபையைக் கொடுத்தால் தாராளமாகப் போதும். இரண்டை எதிரெதிர்ச் சுவர்களிலும் மூன்றாவதை வாசற்பக்கத்திலும் தலைக்கு மேலாகப் பூட்டுங்கள். கூட்டம் தொடங்கிய பின், ஆட்கள் இருக்கும்போதே, ஒவ்வொரு ரவுட்டரிலும் எத்தனை பேர் இணைந்திருக்கிறார்கள் என்று அதன் அமைப்புகளைக் காட்டும் இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வாசற்பக்கத்து ரவுட்டரில் மட்டும் 60 பேர் தொங்கிக்கொண்டிருந்தால், எல்லோரும் உள்ளே வரும்போது முதலில் பிடித்ததை விடாமல் இருக்கிறார்கள் என்று பொருள். அதன் சக்தியை ஒரு படி இறக்கிவிட்டு, ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.